முக்காலி இருந்தும் 30 வினாடிப் படம் கலங்குகிறது, உதவி!

பிறைப்பையன்: அவசரம். நாளைக் காலையும் போகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கள். விடிவதற்கு முன் கடலோரப் படகுத்துறை ஜெட்டியில் நின்று எடுத்தேன். தண்ணீர் பால் மாதிரி வருகிறது, மற்றதெல்லாம் கலங்கல். முக்காலி உண்டு. கடையில் கேட்டால் புது லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள்.

கிள்ளான் காளை: என்ன லென்ஸ், எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு) எவ்வளவு, ஒளியைக் குறைக்கும் ஃபில்டர் உண்டா? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் ஜோசியமா பார்ப்பது?

தைப்பிங் மழை: எந்த ஜெட்டி? ஏர்கோன் அறையிலிருந்து நேராக வெளியே எடுத்திருப்பீர்கள், லென்ஸில் நீர் கோத்திருக்கும். கேமராவைப் பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

பழைய ஷட்டர்: மாதம் ஒருவர் இதையே கேட்கிறார். எஃப் 22 வைத்திருப்பீர்கள், துளை சிறுத்து ஒளி வளைந்து பரவும், அதுதான் டிஃப்ராக்ஷன். அடிப்படையைப் படித்துவிட்டுக் கேமராவைத் தொட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

பிறைப்பையன்: எஃப் 11 தான் ஐயா. ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100. ஃபில்டர் இல்லை, இருட்டுதானே. பினாங்கு ஜார்ஜ் டவுனில் சியூ ஜெட்டி.

பாயான் லெப்பாஸ் அக்கா: தம்பி, எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விளக்குகள் இருக்கும், அதைப் பெரிதாக்கிப் பார். உருண்டையாக ஊதியிருக்கிறதா, இரண்டாகத் தெரிகிறதா?

பிறைப்பையன்: மேலே ஒன்று, கீழே ஒன்று. எல்லா விளக்கும் அப்படித்தான்.

பாயான் லெப்பாஸ் அக்கா: அப்போ லென்ஸ் மேல் பழி போடாதே. ஃபோகஸ் தப்பினால் விளக்கு உருண்டையாக ஊதும். நீர் கோத்தால் சுற்றிலும் ஒளி பரவும். டிஃப்ராக்ஷன் என்றால் படம் முழுக்க ஒரே மாதிரி மழுங்கும். மேலும் கீழும் இரட்டை என்றால் தரை ஆடியிருக்கிறது. அங்கே நீ நிற்பது கடலில் நட்ட கம்பங்கள் மேல் போட்ட பலகை. யாராவது சைக்கிளில் போனால் போதும், ஏன், நீ கால் மாற்றி நின்றாலே போதும். முக்காலியின் நடுத்தண்டை இறக்கு, லென்ஸின் ஆட்டத் தடுப்பை அணை, 2 வினாடி டைமர் வை. பல்ப் முறையில் (நீ விடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) வைத்து, ஆள் நடக்கும்போது கறுப்பு அட்டையால் லென்ஸை மறை. மறைத்த நேரத்தைக் கடைசியில் கூட்டிக்கொள். இல்லையென்றால் அதே ஊரில் கடலோரம் இருக்கும் பாடாங் கோத்தாவுக்குப் போ, சிமெண்டுத் தரை.

பழைய ஷட்டர்: அட்டையெல்லாம் ஃபிலிம் காலத்து வித்தை. 2 வினாடிப் படங்களாக 15 எடுத்து, ஆடியதைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதைக் கணினியில் ஒன்றாக்குங்கள்.

கிள்ளான் காளை: இருட்டில் 2 வினாடி என்றால் ஐஎஸ்ஓ 1600 ஆகிவிடும், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதையும் சொல்லுங்கள்.

பழைய ஷட்டர்: ஒன்றாக்கும்போது அந்த இரைச்சல் அடங்கிவிடும். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தைப்பிங் மழை: ஒன்று கேட்கிறேன். அது குடியிருப்பு. விடியுமுன் பலகையில் தடதடவென்று நடந்தால் உள்ளே தூங்குகிறவர் தலைமாட்டில் கேட்கும். சூரியன் வந்தபின் போங்களேன். ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால் 1/30 வினாடி 30 வினாடி ஆகிவிடும்.

பழைய ஷட்டர்: ஜார்ஜ் டவுன் 2008 முதல் உலகப் பாரம்பரியத் தளம். யாரும் வரலாம்.

தைப்பிங் மழை: யுனெஸ்கோ பட்டியலில் வந்தால் அடுத்தவர் வாசலுக்கு முக்காலியோடு வரலாமா? உங்கள் வீட்டு முகவரி கொடுங்கள், நானும் வருகிறேன்.

கிள்ளான் காளை: சரி சரி, விடுங்கள் இரண்டு பேரும்.

பிறைப்பையன்: பாடாங் கோத்தாவில் எடுத்தேன். விளக்கு ஒன்றாகத்தான் வருகிறது. நன்றி அக்கா.

செராஸ் ராத்திரி: இங்கேயே கேட்டுவிடுகிறேன். கோலாலம்பூரில் நடைமேம்பாலத்தில் நின்று வாகன விளக்குக் கோடு எடுக்கிறேன். லாரி போனால் பாலமே அதிர்கிறது. இதற்கும் அட்டையா?

பாயான் லெப்பாஸ் அக்கா: அட்டையால் மறைத்தால் கோடு நடுவில் அறுந்துவிடும். லாரி இல்லாத இடைவெளியில் 6 வினாடி, 8 வினாடியாக எடு. என்ன லென்ஸ் வைத்திருக்கிறாய்?