அந்தப் பழைய கெட்டி ஜீன்ஸ் துணி எங்கே கிடைக்கும்?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். வயது 49. ஒரு பேன்ட் விஷயமாக உங்கள் உதவி வேண்டும், சிரிக்காதீர்கள்.

1995-இல் அரவிந்த் மில்ஸ் 'ரஃப் அண்ட் டஃப்' என்று ஒரு ஜீன்ஸ் கொண்டுவந்தார்கள், நினைவிருக்கிறதா? ரெடிமேட் கிடையாது. துணி, ஜிப், பட்டன், பை ஓரத்தில் அடிக்கும் உலோகக் குமிழான ரிவெட் எல்லாம் ஒரே பாக்கெட்டில் வரும். டெய்லரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். என்னுடையது முதல் வாரம் தனியாகவே நிற்கும், அவ்வளவு விறைப்பு. போகப் போக முட்டியிலும், சாவிக்கொத்து உரசிய இடத்திலும் வெளுத்தது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும் நீலச் சாயம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. அதனால்தான் டெனிம் அப்படி வெளுக்கும். உப்புக் காற்றில் ரிவெட்டைச் சுற்றிப் பச்சை பூத்ததுகூட எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அம்மாவுக்குத்தான் ஆகவில்லை.

இப்போது கடைக்குப் போனால் எல்லாமே இழுத்தால் நீளும் ரகம். போன மாதம் ஒன்று வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு பைக்கில் காலைத் தூக்கிப் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

லைக்ரா என்கிற அந்த நீளும் இழை கலக்காத முழுப் பருத்தி டெனிம், சதுர கெஜத்துக்கு 14 அவுன்ஸ் எடையுள்ள கெட்டி ரகம், மீட்டர் கணக்கில் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கிடைக்குமா? அப்புறம், இடுப்பு உயர்த்தி நேர்க்காலாகத் தைக்கும் டெய்லர் இந்தப் பக்கம் யாராவது? எங்கள் டெய்லர் அண்ணன், "ஊசி உடையும் தம்பி" என்று கைவிரிக்கிறார். 18-ஆம் நம்பர் ஊசி நானே வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்துவிட்டேன். துணியை ஊறவைத்துச் சுருங்கவிட்ட பிறகே வெட்டுகிறவராக இருந்தால் ரொம்ப நல்லது.