உள்வரும் அழைப்பு மட்டும் 32 வினாடியில் துண்டிக்கப்படுகிறது

கணக்குப்பிள்ளை:
ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம். கடையில் அழைப்புகளை நிர்வகிக்கும் ஆஸ்டரிஸ்க் சர்வரும் இணையவழிப் பேசும் எட்டு ஐபி போன்களும் இருக்கின்றன. இணைய நிறுவனத்தை மாற்றியதிலிருந்து, வெளியிலிருந்து வரும் அழைப்பு ஒவ்வொன்றும் எடுத்த அரை நிமிடத்தில் அறுந்துபோகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தால் 32 வினாடி. அதுவரை இரு பக்கமும் குரல் கணீரென்று கேட்கிறது. நாங்கள் வெளியே அழைத்தால் எவ்வளவு நேரமும் பேசலாம். இணைப்பு அமைத்துத் தந்தவர் ‘வேகம் போதாது, பெரிய பிளான் போடுங்கள்’ என்கிறார். பணம் கட்டும் முன் கேட்டுவிடலாமே என்று எழுதுகிறேன்.

இரவுப்பணி:
ரௌட்டரில் ‘சிப் ஏஎல்ஜி’ என்று ஒரு வசதி இருக்கும். சிப் (SIP) என்பது இணையவழி அழைப்பைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறை. முதலில் அதை அணையுங்கள். உதவுவதாகச் சொல்லிக்கொண்டு சிப் செய்திகளின் முகவரிகளைக் கன்னாபின்னாவென்று மாற்றிவைக்கும்.

பழைய எக்ஸ்சேஞ்ச்:
அணைக்கட்டும், நல்லதுதான். ஆனால் பிளானுக்குப் பணம் கட்ட வேண்டாம். வேகம் குறைந்தால் குரல் உடைந்து உடைந்து கேட்கும். 32ஆவது வினாடிக்காகக் காத்திருந்து அறுந்துபோகாது. ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 64 கிலோபிட், மேலுறைகளையும் சேர்த்தால் 90க்குள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட் ஆகாது. எதற்கெடுத்தாலும் வேகத்தின் தலையில் பழியைப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

சிப் குரலைச் சுமப்பதே இல்லை. யார் அழைக்கிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்பதைப் பேசி முடிப்பதோடு அதன் வேலை தீர்ந்தது. குரல் ஆர்டிபி என்ற வேறு நெறிமுறையின் பாக்கெட்டுகளாக வேறு போர்ட்டில் தனியே போகிறது. ஆகவே குரல் நன்றாக இருப்பதை வைத்துச் சிப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

உங்கள் அழைப்பில் நடப்பது இது. வெளியிலிருந்து ‘இன்வைட்’ வருகிறது. உங்கள் சர்வர் ‘180 ரிங்கிங்’ அனுப்புகிறது. ஆள் எடுத்ததும் ‘200 ஓகே’. அது கிடைத்ததற்கு எதிர்ப்பக்கம் ‘ஏக்’ (ACK) என்ற ஒப்புகையை அனுப்பியாக வேண்டும். எந்த முகவரிக்கு? 200 ஓகேயில் ‘கான்டாக்ட்’ என்ற வரியில் நீங்கள் எழுதிய முகவரிக்கு. அது தவறாக இருந்தால் அந்த ஏக் கிணற்றில் போட்ட கல்தான். சர்வர் அரை வினாடி பொறுத்து 200 ஓகேயை மறுபடி அனுப்பும். பிறகு ஒரு வினாடி, இரண்டு, அதன்பின் நான்கு நான்காக இடைவெளி விட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். சிப்பின் விதிகளை வகுக்கும் ஆவணம், 2002இல் வந்த ஆர்எஃப்சி 3261, இதற்குக் கெடு வைத்திருக்கிறது: அரை வினாடியின் 64 மடங்கு. அதுதான் உங்கள் 32. கெடு முடிந்ததும் சர்வரே ‘பை’ அனுப்பி அழைப்பை முடித்துவிடுகிறது.

வெளியே அழைக்கும்போது ஏக் அனுப்புவது நீங்கள்; அது ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. குரல் எப்படித் தப்பித்தது என்றால், பல நிறுவனங்கள் நீங்கள் எழுதிய முகவரியை நம்பாமல், உங்கள் ஆர்டிபி எங்கிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

பிஜேசிப் என்பது ஆஸ்டரிஸ்கில் சிப்பைக் கவனிக்கும் பகுதி. ஆஸ்டரிஸ்க் கன்சோலில் ‘பிஜேசிப் செட் லாக்கர் ஆன்’ கொடுத்து, வெளியே போகும் 200 ஓகேயின் கான்டாக்ட் வரியை இங்கே போடுங்கள். கடைசி எண்களை மறைத்துவிடுங்கள்.

தறிக்காரன்:
இடையில் ஒரு சந்தேகம். வீடியோ அழைப்பு என்றால் இதற்கு வேறு நெறிமுறையா?

பழைய எக்ஸ்சேஞ்ச்:
இல்லை. இன்வைட்டுக்குள் எஸ்டிபி என்று, எதை எப்படி அனுப்பப்போகிறோம் என்று சொல்லும் சில வரிகள் இருக்கும். ஆடியோவுக்கு ஒரு வரி, வீடியோவுக்கு இன்னொரு வரி, அவ்வளவுதான். பிரௌசரில் பேசும் வெப்ஆர்டிசி மட்டும் சற்று வேறு. எஸ்டிபியை எந்த வழியில் கொண்டுபோவது என்பதை அது வகுக்கவே இல்லை. செயலியை எழுதுபவர் பாடு. சிப்பும் வைக்கலாம், வெப்சாக்கெட் என்ற, பிரௌசருக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பில் சொந்தமாகவும் எழுதிக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை:
ஏஎல்ஜியை அணைத்தும் மாற்றமில்லை. லாக் பார்த்தேன். 200 ஓகே திரும்பத் திரும்பப் போகிறது, ஏக் ஒன்றுகூட வரவில்லை. கான்டாக்ட் வரியில் இருப்பது பழைய இணைய நிறுவனம் கொடுத்திருந்த முகவரி!

பழைய எக்ஸ்சேஞ்ச்:
அப்படியானால் உங்களுக்கு வர வேண்டிய ஏக் எல்லாம் வேறு யார் வாசலுக்கோ போய்க்கொண்டிருக்கிறது. ‘பிஜேசிப்’ அமைப்புக் கோப்பில் டிரான்ஸ்போர்ட் பகுதியில் ‘எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ்’, ‘எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ்’ இரண்டையும் புது முகவரிக்கு மாற்றுங்கள். டிரான்ஸ்போர்ட் மாற்றங்களுக்கு ரீலோட் போதாது, ஆஸ்டரிஸ்கை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கடை சாத்திய பிறகு.

கணக்குப்பிள்ளை:
நேற்று இரவு மாற்றினேன். இன்று காலை சூரத்திலிருந்து வந்த அழைப்பு பத்து நிமிடம் ஓடியது. ஏக் முதல் தடவையே வந்துவிட்டது.

பழைய எக்ஸ்சேஞ்ச்:
நல்லது. இந்த முகவரி நிலையானதா என்று புது நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவ்வப்போது மாறும் முகவரி என்றால் ஒருநாள் மறுபடி 32 வினாடிதான்.