குற்றவாளி கதைப் படங்களில் பரிவு கூடிப்போகிறதா?

நிழலாட்டம்:
இந்தப் படங்களின் முதல் இருபது நிமிடத்தைப் பாருங்கள். வறுமை, அடிக்கும் அப்பா, ஊரார் முன்னால் அவமானம். பிறகுதான் முதல் குற்றம். காட்சி வரிசையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. செத்தவருக்குப் பெயர்கூட இருக்காது. குண்டடி பட்டு விழ மட்டும் ஃபிரேமுக்குள் வருவார்.

எடிட்டிங்மேசை:
பின்கதை வைத்தாலே பரிவா? எவன் கதையோ அவன் கண்ணால் பார்க்காமல் இரண்டரை மணி நேரம் ஆளை உட்கார வைக்க முடியாது. 1934 முதல் ஹாலிவுட்டில் கண்டிப்பாக அமலான தணிக்கை விதி, குற்றத்தின் பக்கம் அனுதாபம் சாயவே கூடாது என்றது. என்ன ஆயிற்று? கடைசி ரீலில் சாவோ கைதோ வைத்துக் கணக்கை நேர்செய்தார்கள்.

நிழலாட்டம்:
‘பானி அண்ட் கிளைட்’ (1967) படத்தில் காவலர் ஹேமரை அந்தக் கொள்ளைக்கார ஜோடி பிடித்து, கேலி செய்து போட்டோ எடுக்கும். நிஜத்தில் 1934-இல் காவலர்கள் அந்த ஜோடியைச் சுட்டுக் கொன்ற அன்றுதான் ஹேமர் அவர்களை நேரில் பார்த்தார். அந்த ஒரு கற்பனைக் காட்சியால் காவலரின் கடமை சொந்தப் பகையாக மாறிவிட்டது. அவர் மனைவி வழக்குப் போட்டார், கடைசியில் சமரசம்.

எடிட்டிங்மேசை:
அது பொய். பரிவுக் கணக்கில் எழுதாதீர்கள். அந்தக் காட்சியை வெட்டினாலும், பல கேமரா வைத்து ஸ்லோமோஷனில் எடுத்த கடைசிச் சாவு அதே வேலையைச் செய்யும்.

நிழலாட்டம்:
நன்றி, எனக்கே சாட்சி சொல்லிவிட்டீர்கள் :)

சட்டப்புள்ளி:
இருவரும் கதை உரிமை ஒப்பந்தத்தை விட்டுவிட்டீர்கள். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பொது ஆவணத்தில் இருப்பதை அனுமதியின்றி வெளியிடலாம், அதைத் தாண்டி ஒருவரின் அந்தரங்கத்துக்குள் போனால் சிக்கல். படத்துக்கு வேண்டியதோ அந்தத் தாண்டிய பகுதிதான்: படுக்கையறை, அம்மா, அழுகை. அதற்காகக் குற்றவாளியிடமே கதை உரிமை வாங்குகிறார்கள். விற்கிறவன் தன்னைக் கெட்டவனாகச் சொல்வானா? பங்குச்சந்தை மோசடிக்காரர் ஜோர்டன் பெல்ஃபோர்ட் கதை (‘தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ படம்) அவரே எழுதிய நூலிலிருந்து வந்தது. மூன்று மணி நேரப் படத்தில் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் தொலைபேசிக் குரல்கள்தான்.

எடிட்டிங்மேசை:
பணத்தைத் தடுத்தால் சரியாகுமா?

சட்டப்புள்ளி:
நியூயார்க் மாநிலம் 1977-இல் சட்டம் போட்டுத் தடுத்துப் பார்த்தது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று 1991-இல் ரத்தானது. 2001-இல் திருத்தினார்கள்: குற்றவாளிக்கு 10,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் போகும், அவர் வழக்குப் போடலாம். பணத்துக்கு அது வழி. திரைக்கதைக்கு, விசாரணையின் சாட்சியப் பதிவை முதலில் படித்துவிட்டுப் பிறகு குற்றவாளியைச் சந்திக்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.