போர்க்கப்பலிலேயே எக்ஸ்பி ஓடுகிறதாமே! பட்டறைக் கணினிக்கு இணையம் கொடுக்கலாமா?

உளிச்சத்தம் (களுவாஞ்சிகுடி):
வணக்கம். கதவு, நிலை செதுக்கும் தச்சுப்பட்டறையில் சி.என்.சி. இயந்திரம் (கணினி சொல்கிறபடி தானே செதுக்குவது) ஓட்டுகிறேன். அதை இயக்குவது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கணினி. மென்பொருள் மாக் 3. முன்பு பிரிண்டர் கொழுவும் அந்த 25 ஊசி வாயிலிலிருந்துதான் இயந்திரத்துக்கு வயர் போகிறது. டிசைன் கடையிலிருந்து பென்டிரைவில் வேலைகளைக் கொண்டுவருவோம். இப்போது முதலாளி வைஃபை டொங்கிள் வாங்கி வந்து, இதற்கே இணையம் கொடு என்கிறார். வேண்டாம் என்றால், “வெள்ளைக்காரன் விமானந்தாங்கிக் கப்பலிலேயே எக்ஸ்பிதான் வைத்திருக்கிறான். உன் முதிரைப் பலகைக்கு அதைவிடக் காவல் வேண்டுமா?” என்று கேட்கிறார். இது உண்மையா? இன்னொன்று, வன்தட்டு சில நாட்களாக ‘டிக் டிக்’ என்கிறது.

வாவிக்கரை:
கப்பல் கதை பிறகு. சத்தம் போடும் வன்தட்டை இன்றே நிறுத்துங்கள். குளோன்சில்லா போன்ற இலவசக் கருவியால் முழு வட்டையும் அப்படியே வேறொரு வட்டுக்குப் பிரதி எடுங்கள். கோப்புகளை மட்டும் எடுத்து வைத்தால் மாக் 3 அமைப்புகளையும் டிரைவர்களையும் (வன்பொருளை விண்டோஸோடு பேச வைக்கும் நிரல்கள்) மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

புதியவன்_கல்முனை:
எதற்கு இந்தப் பாடு? விண்டோஸ் 10 போட்டால் முடிந்தது.

சம்மாந்துறை நானா:
முடியாது தம்பி. மாக் 3 அந்த 25 ஊசி வாயிலை ஓட்டும் டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் விண்டோஸ் 7 வரைதான். புதிய கணினிக்கு மாற வேண்டுமென்றால் யூ.எஸ்.பி. அல்லது ஈதர்நெட் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை இடையில் போட வேண்டும். இல்லையேல் மாக் 3க்குப் பதிலாக லினக்ஸில் ஓடும் லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருள்.

உளிச்சத்தம் தம்பிக்கு: முதலாளி சொன்னது கட்டுக்கதை அல்ல. 2017இல் பிரிட்டனின் எச்.எம்.எஸ். குயீன் எலிசபெத் கப்பலைப் பார்க்கப் போன பத்திரிகையாளர்கள், கட்டுப்பாட்டு அறைத் திரையொன்றில் எக்ஸ்பியைக் கண்டு எழுதினார்கள். ஒப்பந்தம் 2008இல், கடற்சோதனை 2017இல். இடையில் மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்திவிட்டது. கப்பல் கட்டி முடிவதற்குள் மென்பொருளுக்கு வயதாகிவிடுகிறது. ஒன்றை மாற்றினால் அதோடு பேசும் எல்லாவற்றையும் மீண்டும் சோதிக்க வேண்டும். உங்கள் டிரைவர் தொல்லைதான், அளவு பெரியது.

ஆனால் கடற்படைகள் பழைய மென்பொருளைக் காவலில்லாமல் சும்மா விட்டுவைக்கவில்லை. 2015இல் அமெரிக்கக் கடற்படை, எக்ஸ்பி முதலான பழைய மென்பொருட்களுக்குத் தொடர்ந்து திருத்தங்கள் தரும்படி மைக்ரோசாப்டுக்கு ஏறத்தாழ 91 இலட்சம் டொலர் கொடுத்தது. அதை உங்கள் முதலாளி கொடுக்கத் தயாரா என்று கேளுங்கள்!

அதைவிட முக்கியம் பென்டிரைவ். 2009 ஜனவரியில் பிரெஞ்சுக் கடற்படை வலையமைப்புக்குள் கான்ஃபிக்கர் என்ற புழு (தானே பரவும் வைரஸ்) புகுந்தது. ரஃபால் போர் விமானங்கள் பறப்புத் திட்டத்தைப் பெற முடியாமல் தரையில் நின்றதாகச் செய்திகள் வந்தன. இத்தனைக்கும் அந்தப் புழு பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2008 அக்டோபரிலேயே வெளிவந்திருந்தது. அந்தப் புழுவுக்கு இணையம்தான் வேண்டும் என்றில்லை, பென்டிரைவிலும் ஏறி வரும். ஆகவே டொங்கிளை மறுத்துவிட்டு, டிசைன் கடைப் பென்டிரைவை நேரே செருகினால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள். பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானாக ஓடும் ஆட்டோரன் வசதியை எக்ஸ்பியில் நிறுத்துங்கள். கடையிலிருந்து வருவதை வேறொரு புதிய கணினியில் திறந்து, இயந்திரத்துக்கு நகர்வு சொல்லும் ஜி-கோட் கோப்பை மட்டும் பட்டறைக்கென வைத்திருக்கும் பென்டிரைவுக்கு மாற்றுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் ஜி, எக்ஸ், வை என்று வரிவரியாகத் தெரியும். அப்படித் தெரியாதது எதுவும் உள்ளே போகக் கூடாது.

வாவிக்கரை:
நானா சொல்வது சரி. ஆனால் பழசு என்றாலே ஆபத்து, புதிது என்றால் நிம்மதி என்றும் நினைக்க வேண்டாம். 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் யூ.எஸ்.எஸ். யோர்க்டவுன் போர்க்கப்பல் கடலில் செயலிழந்து நின்றது. அதில் இருந்தது அப்போதைய புதுச்சரக்கான விண்டோஸ் என்டி 4.0. மாலுமி ஒருவர் தரவு நிரப்பும் பெட்டியொன்றில் பூச்சியத்தைப் பதிய, நிரல் அதால் வகுக்கப் போய், உந்துவிசைக் கட்டுப்பாடே படுத்துவிட்டது. ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் கப்பல் அசையவில்லை. பூச்சியத்தை ஏற்காதே என்று நிரலில் ஒரு வரி போதுமாக இருந்தது. விண்டோஸைத் திட்டுவது சுலபம்.

உளிச்சத்தம் (களுவாஞ்சிகுடி):
நானா, முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். டொலர் கணக்கில் சிரித்துவிட்டார். டொங்கிளை மேசைக் கணினிக்கு மாற்றச் சம்மதம். வன்தட்டு அகலமான பட்டை வயர் கொழுவும் பழைய ஐடிஇ வகை, மட்டக்களப்பு நகரில் தேடியும் கிடைக்கவில்லை. இடையில் மாற்றிப் பலகை (அடாப்டர்) போட்டு, சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வட்டைக் கொழுவினால் எக்ஸ்பி ஏற்குமா?

சம்மாந்துறை நானா:
ஏற்கும். கணினிக்கு அது ஐடிஇ வட்டாகவே தெரியும், தனி டிரைவர் வேண்டாம். பலகையிலுள்ள ஜம்பரை (சிறு இணைப்புத் துண்டு) மட்டும் மாஸ்டர், அதாவது முதல் வட்டு, என்ற இடத்தில் வையுங்கள். முதலில் கட்டர் பூட்டாமல் ஒரு வேலையை ஓட்டிப் பாருங்கள். இயந்திரம் சரியாக நகர்ந்தால் பழைய வட்டைக் கழற்றிப் பெயரெழுதி அலுமாரியில் வைத்துவிடலாம்.