படகுத் துத்தநாகம்: ஆனோடுக்கு என்ன சொல்?

டர்பனிலிருந்து:
வணக்கம். ஞாயிறு தமிழ் வகுப்புக்கான சுவர்ப்படம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். படகின் அடியில் எஃகோடு போல்ட் போட்டு இறுக்குகிற துத்தநாகக் கட்டியை, அதாவது எஃகைக் காக்கிற ஆனோடை (anode), தமிழில் எப்படிக் குறிப்பது? பாடநூல் ஆனோடை 'நேர்மின்வாய்' என்கிறது. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும் கடல்நீரில் துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானை விட்டுக் கரைகிறது (நியம மின்னழுத்தம் -0.76 வோல்ட், இரும்புக்கு -0.44; இது குறையக் குறைய எலக்ட்ரானை விடுவது எளிது), அந்த எலக்ட்ரான் எஃகுக்குப் போய் நீரில் கரைந்த ஆக்சிஜனை ஹைட்ராக்சைடாக்குகிறது, எஃகு அரிபடாமல் தப்பிக்கிறது. இங்கே கரைகிற பக்கம்தான் எதிர்மின்! அதை 'நேர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'கரைமுனை' சரியா?

போர்ட் லூயியிலிருந்து:
அண்ணா, கடல் படத்தில் கரைமுனை என்று போட்டால் நன்னம்பிக்கை முனை மாதிரி ஓர் இடம் என்றுதான் படிப்பார்கள். எஃகுக்காகத் துத்தநாகம் தன்னையே பலி கொடுக்கிறது, அதனால் 'களப்பலி' என்று வையுங்கள், தீமிதி பார்க்கிற பிள்ளைகளுக்கு அரவான் கதை சொல்லித் தர வேண்டியதில்லை. அப்புறம் நாகம் என்றாலே துத்தநாகம்தான், துத்தம் வேறு, மயில்துத்தம் செம்பின் உப்பு. அதனால் 'நாகப்பலி' இன்னும் நல்ல தமிழ்.

டர்பனிலிருந்து:
நாகப்பலி என்றால் பாம்பு நினைவுதான் வரும் தங்கச்சி. பெயரில் 'கரை' என்பதை விட்டுவிடக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. 1824-இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் இருந்த செப்புத் தகட்டைக் காக்க இரும்பும் துத்தநாகமும் பொருத்தினார். செம்பு கரைவது நின்றது, கூடவே அதன் நஞ்சும் நின்றதால் பாசியும் கொட்டலசு என்கிற ஓட்டுயிரும் அப்பிக் கப்பல்களின் வேகம் குறைந்தது. எது கரைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரீயூனியனிலிருந்து:
எல்லா ஆனோடும் கரையாதே ஐயா. துறைமுக எஃகுத் தூண்களுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் காக்கும்போது பூச்சிட்ட டைட்டானியம் ஆனோடு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனோடு என்றே எழுதுங்கள், படகுக்காரருக்கும் புரியும்.

டர்பனிலிருந்து:
சரி, படத்தில் 'காப்புத் துத்தநாகம்' என்று போடுகிறேன், தங்கச்சியும் தனிமடலில் அரைமனதாக ஒத்துக்கொண்டார். பொதுச்சொல்லாக 'ஏற்றவாய்' என்பதைப் பாருங்கள். கரைந்தாலும் கரையாவிட்டாலும் ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரான் இழப்பு, நடக்கிற வாய் அதுதான்.

ரீயூனியனிலிருந்து:
ஏற்ற வாய் என்றால் பொருத்தமான வாய் என்றல்லவா படிப்பார்கள்? படத்துக்குக் 'காப்புத் துத்தநாகம்' சரி. 'ஏற்றவாய்'க்கு நான் உடன்படவில்லை.