படகில் சிக்னல்: உயரமா, கேபிளா?

மயிலிட்டிக்காரன்: நெடுந்தீவுப் படகில் போன் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் பெட்டியைக் கபினுக்குள் வைத்தாலே போதும், வெளியே அன்ரனா வேண்டாம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். வாசிக்கவே கோபம் வருகிறது. ரவர் சிக்னலைப் பிடிக்கும் வெளி அன்ரனாவும் அதைப் போனுக்குக் கொடுக்கும் உள் அன்ரனாவும் கிட்டக் கிட்ட இருந்தால், ஸ்பீக்கருக்கு முன்னால் கோயில் மைக்கைப் பிடித்த கதைதான். வெளி அன்ரனா உயரத்தில் நிற்க வேண்டும். கரையில் ரவர் 50 மீற்றர் என்று வையுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2 மீற்றரில் போன் இருந்தால் ஏறக்குறைய 35 கிலோமீற்றர் வரை அடிவானம் மறைக்காது. 6 மீற்றர் கம்பில் அன்ரனாவை ஏற்றினால் 39.

குறிகட்டுவான் தம்பி: வெறும் 4 கிலோமீற்றருக்கா அண்ணை இவ்வளவு எழுத்து? கம்பிலிருந்து கேபிள் இறங்க வேண்டுமே, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 10 மீற்றர் இழுத்தால், போன் அலைவரிசையான 900 மெகாஹேர்ட்ஸில் சிக்னலில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

மயிலிட்டிக்காரன்: அந்த 4 கிலோமீற்றரில்தான் எங்கள் வலை கிடக்கிறது. தடித்த கேபிள் போடுங்கள், முக்கால்வாசி வந்து சேரும். உயரம் உயரம்தான்.

குறிகட்டுவான் தம்பி: தடித்த கேபிளுக்குக் காசு நீங்களா தருவீர்கள்? போன மாதம் எஞ்சின் எண்ணெய்க்கும் இப்படித்தான் விலை கூடியதையே வாங்கச் சொன்னீர்கள்.

மயிலிட்டிக்காரன்: எண்ணெயை ஏன் இழுக்கிறீர்? அன்றைக்கும் பதில் சொல்லாமல் போனது நீர்தான்.

தீவகத்துப் பெண்: இரண்டு பேரும் படகு ஆடுவதை மறந்துவிட்டீர்கள். கெயின், அதாவது சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் அளவு, கூடிய அன்ரனாவின் வீச்சு ஒடுக்கமானது. படகு சரிந்தால் ஒரு பக்கம் வானத்துக்கும் மறுபக்கம் தண்ணீருக்கும் போகும். ஆடும் படகுக்குக் கெயின் குறைந்ததே நல்லது. உப்புக்காற்றில் இணைப்புகள் பச்சை பிடிப்பதையும் யாரும் சொல்லவில்லை.

மயிலிட்டிக்காரன்: கெயின் எவ்வளவாக இருந்தாலும் முதலில் உயரம், தங்கச்சி.

பருத்தித்துறையான்: ஆபத்துக்குப் போனை நம்பிப் போகிறவர்களுக்குத்தான் இந்தச் சண்டை. வீஎச்எஃப் கடல் ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சானல் எதற்கு இருக்கிறது?

குறிகட்டுவான் தம்பி: வீஎச்எஃப்பில் வீட்டுக்குக் கதைக்க முடியுமா? சின்னப் படகுக்காரர் எத்தனை பேரிடம் அது இருக்கிறது?

பருத்தித்துறையான்: இல்லாதவர் முதலில் அதை வாங்கட்டும்.

மயிலிட்டிக்காரன்: வீஎச்எஃப் அன்ரனாவையும் உயரத்தில்தான் பூட்டுவார்கள். தம்பி, கேபிளை விட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்லும்.

குறிகட்டுவான் தம்பி: கேபிளை விடமாட்டேன். மூன்றில் இரண்டு பங்கு எங்கே போனது என்று நீங்கள் சொல்லுங்கள்.