உதவி தேவை: அமல் கான்சென்ட்ரிக் 930, புது கிட் போட்டும் ஐட்லிங் சீராக நிற்கவில்லை

இரட்டைச்சிலிண்டர்:

வணக்கம். வண்டி 1970 டிரையம்ஃப் டிஆர்6, 650 சிசி. ஒரே கார்புரேட்டர், அமல் கான்சென்ட்ரிக் 930. பல வருடம் ஓடாமல் கிடந்த வண்டி. எஞ்சின் வேலை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. கார்புரேட்டரை நானே கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு ரிப்பேர் கிட் வாங்கிப் போட்டேன். நீடில், நீடில் ஜெட், மெயின் ஜெட், ஃப்ளோட் நீடில், ஓ-ரிங், கேஸ்கெட் எல்லாம் அந்தக் கிட்டில் வந்த புதுசு. ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடு மட்டும் பழையதுதான்.

குளிரில் இரண்டாவது கிக்கில் பிடித்துக்கொள்கிறது. சூடானதும் தொல்லை ஆரம்பம். ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது ஐட்லிங் தானாக ஏறுகிறது, இறங்குகிறது, சில சமயம் அணைந்துவிடுகிறது. ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே விட்டாலும் மூன்று சுற்று வெளியே எடுத்தாலும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஓட்டும்போது பாதி ஆக்சிலரேட்டரில் கரகரவென்று இழுக்கிறது, பிளக் கரி பிடித்துக் கறுப்பாக வருகிறது. நீண்ட தூரம் ஓட்டிவிட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் ஸ்லைடு உடனே கீழே விழுவதில்லை. கேபிளுக்கு எண்ணெய் விட்டாயிற்று, அதில் குறை இல்லை.

ஐட்லிங்கில் பெட்ரோல் குறைகிறதோ என்று நீடில் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கி நீடிலை உயர்த்திப் பார்த்தேன். ஐட்லிங் அப்படியேதான் இருக்கிறது, கரி இன்னும் கூடிவிட்டது. பெட்ரோல் அதிகமா, குறைவா என்றே எனக்குப் புரியவில்லை. வேறு கம்பெனி கார்புரேட்டரை மாட்டிவிடு என்கிறார்கள். வண்டியோடு வந்ததை வைத்துக்கொள்ளத்தான் ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழையவண்டி:

கார்புரேட்டரைத் தொடும் முன் வால்வு இடைவெளியும் இக்னிஷன் பாயின்ட் இடைவெளியும் பாருங்கள். இந்த வண்டிக்குக் குளிரில் இன்லெட் 0.002, எக்சாஸ்ட் 0.004 அங்குலம், பாயின்ட் 0.015. இதில் பிசகு இருந்தால் கார்புரேட்டரில் என்ன செய்தாலும் பிடிபடாது.

அப்புறம், எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் ஃபிளாஞ்சும் (நட்டு போட்டு இறுக்கும் தட்டை முகம்) எஞ்சின் ஹெட்டும் சேரும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அந்த வழியே காற்று போகிறது. சிலர் இதற்குப் பெட்ரோல் தெளிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது வேண்டாம், தண்ணீரே போதும்.

கடைசல்காரன்:

தம்பி, நீங்கள் சொன்னதிலேயே விடை பாதி இருக்கிறது. ஐட்லிங் ஒரு கதை, பாதி ஆக்சிலரேட்டர் வேறு கதை. இரண்டையும் ஒரே நோயாகப் பார்ப்பதால்தான் குழப்பம். ஸ்லைடு எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை வேலை பைலட் சர்க்யூட்டுடையது, அதாவது ஐட்லிங்குக்கான தனிச் சின்னப் பாதையுடையது. அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் இருக்கும் சாய்வு வெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல் மெயின் ஜெட். நீடிலை உயர்த்தி ஐட்லிங்கைச் சரிசெய்ய முடியாதது இதனால்தான். கிளிப்பைப் பழைய வெட்டுக்கே மாற்றிவிடுங்கள்.

ஏர் ஸ்க்ரூ கேட்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று. பைலட் பாதை அடைத்திருக்கும், இல்லையென்றால் ஸ்க்ரூவைத் தாண்டி வேறு எங்கோ காற்று தாராளமாகப் போகும். அடைப்பைப் பார்க்க ஏர் ஸ்க்ரூவைக் கழற்றி, அந்தத் துளைக்குள் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயின் குழாயை அழுத்திப் பிடித்து அடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறிக்கும். காற்றுப் பாதையின் தரையில் இரண்டு சின்னத் துளைகள் உண்டு. ஒன்று ஸ்லைடுக்கு அடியில், இன்னொன்று அதைத் தாண்டி எஞ்சின் பக்கம். இரண்டிலும் நேராகப் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் உள்ளே அடித்து இறக்கிய பைலட் புஷ் அடைத்திருக்கிறது. இந்த மாடலில் அது கழன்று வராது. துளை 0.016 அங்குலம், ஏறக்குறைய 0.4 மி.மீ. அதே அளவு கிட்டார் கம்பியை ஏர் ஸ்க்ரூ துளை வழியாக நேராக விட்டுக் குத்தலாம். ட்ரில் பிட்டை மெஷினில் மாட்டி ஓட்டாதீர்கள். பிட் உள்ளே ஒடிந்தால் பாடி வீண்.

அடுத்து ஸ்லைடைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பாடியும் ஸ்லைடும் ஒரே துத்தநாகக் கலவை வார்ப்பு, மிருதுவான உலோகம். எஞ்சின் உறிஞ்சும்போதெல்லாம் ஸ்லைடு எஞ்சின் பக்கச் சுவரில் போய் ஒட்டி உரசுகிறது, அதனால் அந்தப் பக்கம் மட்டும் பளபளவென்று தேயும். தேய்ந்த இடைவெளி வழியே, ஸ்லைடு மூடியிருக்கும்போதும் காற்று போய்க்கொண்டே இருக்கும். ஸ்லைடை மைக்ரோமீட்டரில் முன்பின் ஒரு அளவு, பக்கவாட்டில் ஒரு அளவு எடுங்கள். பாடியின் உள்விட்டத்தையும் அதே இரண்டு திசையில், ஐட்லிங்கில் ஸ்லைடு நிற்கும் உயரத்தில் அளக்க வேண்டும். மேல் வாயில் தேய்மானம் குறைவு, அங்கே அளந்தால் ஏமாந்துபோவோம்.

ஸ்கேலின் நேர் விளிம்பை ஃபிளாஞ்சின் மேல் வைத்து வெளிச்சமும் பாருங்கள். அளவுகளை எழுதுங்கள், அதுவரை ஒன்றும் வாங்காதீர்கள்.

இரட்டைச்சிலிண்டர்:

நன்றி அண்ணா. வால்வு, பாயின்ட் இரண்டும் சரியாக இருக்கின்றன. தண்ணீர் தெளித்ததும் ஐட்லிங் சத்தம் தெளிவாக மாறியது.

பைலட்டில் ஒரு துளையில் நன்றாக வந்தது, எஞ்சின் பக்கத் துளையில் சும்மா கசிந்தது. கம்பி விட்டதும் பச்சை நிறத்தில் ஏதோ தூள் வந்தது, இப்போது இரண்டிலும் பீய்ச்சுகிறது.

ஸ்லைடுக்கும் பாடிக்கும் இடைவெளி முன்பின்னாக 11 தௌ (ஆயிரத்தில் 11 அங்குலம்), பக்கவாட்டில் 5 தௌ. ஸ்கேலை வைத்தால் ஃபிளாஞ்சின் நடுவில் வெளிச்சம் தெரிகிறது, 8 தௌ ஃபில்லர் கேஜ் நுழைகிறது. புது ஸ்லைடு மட்டும் வாங்கிப் போட்டால் போதுமா?

கடைசல்காரன்:

போதாது. 11 தௌவில் ஸ்லைடு தேய்ந்தது பாதி என்றால் பாடி தேய்ந்தது பாதி. புது ஸ்லைடு போட்டால் கொஞ்ச நாள் நன்றாகத் தெரியும், ஓவல் ஆன பாடி அதையும் தின்றுவிடும்.

ஆனால் முதலில் ஃபிளாஞ்ச். யாரோ முன்பு நட்டை முறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். நடுவில் ஓ-ரிங் தடுத்து நிற்க, நட்டு மாட்டும் இரண்டு காதுகளும் ஹெட்டை நோக்கி வளைந்திருக்கின்றன. அதோடு பாடியும் நெளியும், அதனால்தான் சூட்டில் உங்கள் ஸ்லைடு தொங்குகிறது. இடைவெளி 11 தௌ இருந்தும் ஸ்லைடு சிக்குகிறதே என்று வியக்க வேண்டாம், முன்பின்னாகத் தேய்ந்த பாடி பக்கவாட்டில் நெருங்கியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் ஸ்லைடு ஓடும் துளையைக் கடைந்து போர் அடித்தால், மாட்டி இறுக்கியதும் போர் மறுபடி நெளியும்.

ஜெட், ஃப்ளோட், ஓ-ரிங் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தடித்த கண்ணாடித் தகட்டில் 400 நம்பர் எமரி பேப்பர், கொஞ்சம் எண்ணெய். ஃபிளாஞ்சை முகம் கீழாக வைத்து எட்டு வடிவில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒரே பக்கம் அழுத்தம் விழாமல் நாலு தடவைக்கு ஒரு முறை திருப்பிப் பிடியுங்கள். நடுப்பகுதி வரை சாம்பல் நிறம் ஒரே சீராக வந்ததும் நிறுத்திவிடலாம். ஓ-ரிங் காடியின் ஆழம் குறைந்திருக்கும், ஓ-ரிங் முகத்துக்கு மேல் லேசாகத்தான் துருத்த வேண்டும். அதிகம் துருத்தினால் மறுபடி காது வளையும். மாட்டும்போது நட்டை இரண்டு பக்கமும் மாறி மாறி, ஓ-ரிங் அமுங்கும் வரை இறுக்கினால் போதும். அது காற்றை அடைக்கும் சேர்மானம், எஞ்சினைத் தாங்கும் போல்ட் இல்லை.

அதற்குப் பிறகு பாடியை லேத்தில் வட்டத்துக்கு எடுக்க வேண்டும். நீடில் ஜெட் உட்காரும் துளையை மையமாக வைத்துப் பிடிப்பது முக்கியம். மையம் விலகினால் நீடில் ஜெட்டின் ஒரு பக்கமே உரசும். ஓவல் போகும் அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு, அந்த அளவுக்குப் புது ஸ்லைடு செய்ய வேண்டும். அலுமினியத்தில் செய்து ஹார்ட் அனோடைஸ் செய்யலாம், பித்தளையில் செய்து குரோம் ஏற்றலாம். மறுபடி துத்தநாகம் வேண்டாம், ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இடைவெளி 3½ தௌ வைப்பேன். அதற்கும் குறைத்தால் சூட்டில் சிக்கும். அடி வெட்டு பழைய ஸ்லைடில் எந்த எண்ணோ அதே எண். எண் 3 என்றால் 3/16 அங்குலம், எண்ணுக்கு எண் 1/16 மாறும்.

பழையவண்டி:

அந்தப் பிளக் கரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்லைடு தேய்ந்தால் காற்று கூடும், கலவை மெலியும். கரி எப்படி வரும்? தம்பி, கிட்டில் வந்த நீடில் ஜெட்டை அளந்தீர்களா?

இரட்டைச்சிலிண்டர்:

அளக்கவில்லை. 106 என்று குத்தியிருந்தது, புதுசு என்பதால் நம்பிவிட்டேன்.

கடைசல்காரன்:

நல்ல கேள்வி, அதை நான் விட்டுவிட்டேன். 106 என்றால் 0.106 அங்குலம், 2.69 மி.மீ. துளை. 2.7 மி.மீ. ட்ரில் பிட்டின் தண்டை, வெட்டு முனை வேண்டாம், தண்டை விட்டுப் பாருங்கள். நல்ல ஜெட்டில் அது நுழையாது, நுழைந்தாலும் இறுக்கமாக இருக்கும். கடகடவென்று ஆடினால் ஜெட் பெரியது.

இரண்டு தௌவில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். துளையின் நடுவில் நீடில் நிற்கிறது, பெட்ரோல் வருவது சுற்றியுள்ள மெல்லிய வளையம் வழியாக. துளை 106 இல் இருந்து 108 ஆனாலே அந்த வளையத்தின் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடும். பாதி ஆக்சிலரேட்டரில் கரகரப்புக்கு அதுவே போதும்.

இரட்டைச்சிலிண்டர்:

தண்டு உள்ளே போய் ஆடுகிறது! கழற்றி வைத்த பழைய ஜெட்டில் விட்டேன், அதில் இதைவிட இறுக்கம். புதுசைப் போட்டுக் கெடுத்திருக்கிறேன். அளந்து பார்த்து வேறு ஒரு ஜெட் வாங்கிவிட்டேன். பாடியைப் போர் அடிக்கக் கொடுத்தாயிற்று.

இரட்டைச்சிலிண்டர் (ஐந்து வாரம் கழித்து):

வேலை முடிந்தது. அனோடைஸ் செய்த ஸ்லைடு, இடைவெளி சொன்னபடி 3½ தௌ. ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்றில் ஆரம்பித்து, சூடானதும் ஒன்றேகாலில் நின்றது. இப்போது அரைச் சுற்று திருகினாலே சத்தம் மாறுகிறது, உள்ளே விட்டால் கனக்கிறது, வெளியே எடுத்தால் தடுமாறுகிறது. ஐட்லிங் இறங்கி ஒரே சீராக நிற்கிறது. பிளக் பழுப்பு நிறம். கையை விட்டதும் ஸ்லைடு டக்கென்று விழும் சத்தம் கேட்கிறது. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தச் சத்தத்தைக் கேட்கவே இரண்டு முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஸ்டாண்டில் நிறுத்தி பெட்ரோல் டேப்பைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு சொட்டு விழுகிறது.

பழையவண்டி:

ஃப்ளோட்டை வெந்நீரில் முக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை, மாற்ற வேண்டியதுதான். வராவிட்டால், பௌலைக் கையில் பிடித்து ஃப்ளோட் நீடிலின் நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள். வளையம் மாதிரி பள்ளம் விழுந்திருந்தால் அது அடைக்காது. அந்தக் கிட்டில் வந்த நீடில்தானே அதுவும்? ரப்பர் நுனி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதுவரை நிறுத்தும்போதெல்லாம் டேப்பை மூடிவையுங்கள்.